நகரப் பதிப்பில் ஆன கல்யாணம்

'அந்தித்தூதன்' மாலைப் பத்திரிகையின் அதிபர் வயிரவநாதனுக்குத் தை மாதம் ஒன்பதாம் தேதி இரண்டாம் கல்யாணம் நடந்தது. நகரப் பதிப்பில் மட்டும் அந்தச் செய்தி வந்ததால், நகரப் பதிப்பு போகிற இடங்களில் மட்டும் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வெளியூர்ப் பதிப்பு போகிற இடங்களில் அவர் மனைவியை இழந்து ஒன்பது வருடமாகத் தனியாக இருக்கிற மனிதர். இரண்டு பதிப்புக்கும் எல்லை ரயில்வே கேட். கேட்டுக்குக் கிழக்கே செண்பகவடிவு அவருடைய மனைவி. மேற்கே அவருடைய பத்திரிகையில் பிழை திருத்துகிறவள்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது, அவளுக்கு நாற்பத்தொன்று. ஊர் பேசுவதற்கு இது போதாதா? பேசினார்கள். சொத்துக்காக வளைத்துப் போட்டாள் என்றார்கள், கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். நடந்தது அவ்வளவு பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பதினாறு வருடமாக அவர் தினமும் பதினோரு மணிக்குத் தலையங்கத்தைத் தானே எடுத்துக்கொண்டு மாடியேறி வருவார். அவள் சிவப்பு மையால் திருத்தித் தருவாள். போன ஐப்பசியில் ஒருநாள், தாளை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். "இத்தன வருசமா என் தப்பையெல்லாம் பாத்தவ நீதான். மிச்சத்தையும் நீயே பாத்துரு" என்றார். வடிவு அன்று சரியாக இருந்த நாலு வார்த்தைகளைத் திருத்திக் கெடுத்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

நகரப் பதிப்பின் ஆசிரியர் ஜம்புலிங்கம் கல்யாணச் செய்தியை முதல் பக்கத்தில் நாலு பத்தி அகலத்துக்குப் போட்டார். முந்திக்கொள்ள வேண்டும் என்ற அவசரத்தில், முகூர்த்தம் பத்தரைக்கு இருக்க, ஒன்பது மணிக்குத் தாலி கட்டியதாக அச்சடித்து, அன்று மட்டும் பத்து மணிக்கே பத்திரிகையை வெளியே விட்டுவிட்டார். அதனால் மேடையில் உட்காரும்போதே அவர்கள் ஒன்றரை மணி நேரக் கணவன் மனைவியாக இருந்தார்கள். ஐயர் அதற்கேற்ப சில மந்திரங்களை விட்டுவிட்டார்.

வெளியூர்ப் பதிப்பின் ஆசிரியர் குமரகுருபரன், அதிபரின் ஒரே மகன். அவன் ஒரு வரிகூடப் போடவில்லை. நிர்வாக ஆசிரியர் நாற்காலி இரண்டு வருடமாகக் காலியாக இருந்தது. அதில் ஜம்புலிங்கம் உட்காருவாரா, குமரகுருபரன் உட்காருவானா என்பதுதான் அந்தக் கட்டடத்தின் மூச்சும் பேச்சும். நகரப் பதிப்புக்காரர்கள் ஒரு கடையில் டீ குடித்தார்கள், வெளியூர்ப் பதிப்புக்காரர்கள் எதிர்க்கடையில் குடித்தார்கள். கல்யாணம் ஜம்புலிங்கத்தின் கட்சி என்று ஆனபிறகு, கல்யாணம் ஆகாமலிருப்பது குமரகுருபரனின் கட்சி ஆயிற்று.

அதிபர் நினைத்தால் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிப் போடவைத்திருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. 'என் வீட்டுச் செய்தியை இன்னபடி போடு என்று எந்த ஆசிரியரிடமும் சொல்ல மாட்டேன்' என்று முப்பது வருடத்துக்கு முன்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவைத்திருந்தார். அது அலுவலக வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் தொங்கியது. பெரிய மனிதர்களுக்கு இந்தமாதிரி ஏதாவது ஒன்று எங்கேயாவது தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் புறப்பட்டார்கள். வடிவின் அம்மா பேச்சியம்மாள் வீடு கேட்டுக்கு மேற்கே, நடந்தால் பத்து நிமிடம். காரில் அவர் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு, மாமியார் வீட்டில் என்ன சமைத்திருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். தண்டவாளத்தின் மேல் கார் குலுங்கி இறங்கியது. அவர் கையை எடுத்துக்கொண்டார். ஜன்னலோரமாக நகர்ந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, "சுடல, இந்தம்மாவ எங்க எறக்கி விடணும்?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"தெரியலய்யா. கேட்டுப் பக்கத்துல ஏறியிருப்பாவ போலுக்கு" என்றான் சுடலை.

"இங்கனயே எறங்கிக்கிடுதேன்" என்றாள் வடிவு.

"பாத்துப் போங்கம்மா. புரூஃபெல்லாம் நல்லாப் பாக்கிய" என்றார் அவர். கார் திரும்பிக் கிழக்கே போயிற்று. வடிவு பழத்தட்டைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

இரண்டு பதிப்பையும் எழுத்து விடாமல் படிக்கிறவள் என்பதால், அவளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் எல்லாம் நினைவிருந்தது. மற்றவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் கழுத்து மஞ்சள் கயிற்றைப் பார்த்த மேற்குத் தெருக்காரி ஒருத்தி, எந்தக் கோயிலில் மந்திரித்தது என்று கேட்டாள். பேச்சியம்மாளே மகளைக் கண்டதும் உள்ளே போய் ஒரு ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "தென்காசிப் பக்கம். ரெண்டாந்தாரம்தான். ஒனக்கு இனிமே என்ன மொதத்தாரமா கெடைக்கும்?" என்றாள். இதே பேச்சியம்மாள்தான் கல்யாணத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியவள். கேட்டைத் தாண்டிக் கிழக்கே வரும்போதெல்லாம் மாப்பிள்ளைக்குப் பிடிக்குமென்று முறுக்கு சுட்டு எடுத்துவருகிறவளும் அவள்தான். முறுக்கு யாருக்கென்று கேட்டைத் தாண்டிய பிறகு ஞாபகம் வந்துவிடும்.

வடிவு ஜாதகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அழ இடம் தேடி மாட்டுத் தொழுவம் வரை போனாள்.

இதோடு நின்றிருந்தால்கூட அவள் சமாளித்திருப்பாள். ஊரில் பாதி இடத்திலாவது புருஷன் இருக்கிறான் என்று நிறையப் பேரால் சொல்ல முடியாது. ஆனால் குமரகுருபரன் சும்மா இருக்கிறவன் இல்லை. வாரம் ஒரு தெருவாக, சனிக்கிழமைதோறும், நகரப் பதிப்பு விழுந்துகொண்டிருந்த வாசல்களில் வெளியூர்ப் பதிப்பை விழவைத்தான். ஏஜெண்டுகளைப் பேசிச் சரிக்கட்டினான். எல்லை கேட்டைத் தாண்டிக் கிழக்கே வரத் தொடங்கியது.

அதையும் அவன் மரியாதையாகத்தான் செய்தான். அலுவலகம் கிழக்கே இருந்ததால் அங்கே அவள் அவனுக்குச் சித்தி. மூன்று வயதுதான் மூத்தவள் என்றாலும் அவள் வரும்போது எழுந்து நிற்பான். இரண்டு ஆசிரியர்களின் அறைக்கும் நடுவே, நடையில், அவள் மேஜை இருந்தது. மதியம் அந்தப் பக்கம் வருவான்.

"சித்தி, சாப்டியளா?"

"ஆச்சு தம்பி. நீ?"

"ஆச்சு. காய்கறி மார்க்கெட்ட நாளையிலருந்து நம்ம பதிப்புக்கு எடுத்துக்கிடுதோம். ஒங்களுக்குக் கொஞ்சம் செரமமா இருக்கும்."

"சரி தம்பி."

நிஜமாகவே வருத்தப்பட்டான். வருத்தப்பட்டுவிட்டு உள்ளே போய் ஏஜெண்டுக்குப் போன் போட்டான்.

அந்தச் சனிக்கிழமை அதிபரும் வடிவும் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கத்திரிக்காயைத் தானே பொறுக்க வேண்டும், காம்பைத் திருகிப் பார்க்க வேண்டும். பகல் பன்னிரண்டரைக்குப் பத்திரிகைக் கட்டு வந்து மார்க்கெட் வாசலில் விழுந்தது. அவர் கையில் இருந்த பையைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். "அம்மா, இது ஒங்க பைன்னு நெனைக்கேன். மாறிப்போச்சு" என்று நீட்டிவிட்டுக் காருக்குப் போனார். வடிவு நடந்தே வீட்டுக்கு வந்தாள். வீட்டு வாசலில் அவர் கவலையோடு நின்றுகொண்டிருந்தார். "எங்க போயிட்ட? கத்திரிக்கா வாங்கலாம்னுல்லா போனோம்?" என்றார். அவள் வாங்கியதைக் காட்டினாள். நல்ல காயாகப் பொறுக்கியிருக்கிறாய் என்று பாராட்டினார்.

அடுத்த சனிக்கிழமை பெருமாள் கோயில் தெரு போயிற்று. அதற்கடுத்த சனிக்கிழமை வீட்டின் பின்பக்கச் சந்து போயிற்று. அதிபரின் வீட்டுக்கு முன்வாசல் தேரடித் தெருவிலும் பின்வாசல் சந்திலும் இருந்தன. பின்வாசலில் வெளியூர்ப் பதிப்பு விழுந்ததும், பின்கட்டும் அடுப்படியும் மேற்கோடு சேர்ந்துகொண்டன. அன்று மாலை அவர் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் வந்தார். அடுப்பின் முன்னால் நின்றவளைப் பார்த்து வாசலிலேயே தயங்கினார்.

"யாரும்மா? சமையலுக்குப் புதுசா வந்திருக்கியா?"

"ஆமாய்யா" என்றாள் வடிவு. வேறென்ன சொல்வாள்?

"நல்லாருக்கு மணம். உப்பு மட்டும் கம்மியாப் போடு, எனக்குப் பிரஷர் உண்டு" என்று சொல்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு ஹாலுக்குப் போனார். ஹாலிலிருந்து, "வடிவு, அடுப்படில ஒரு பொம்பள நிக்கா, நீ வச்சியா?" என்று கூப்பிட்டுக் கேட்டார். அவள் ஹாலுக்கு வந்து, ஆமாம், நான்தான் வைத்தேன் என்றாள்.

இப்போது அவள் மனைவியாக இருந்த இடம் முன்ஹாலும் அதை ஒட்டிய படுக்கையறையும்தான். குமரகுருபரன் வெள்ளிக்கிழமையே வந்து சொல்லிவிட்டான், அடுத்த வாரம் தேரடித் தெரு என்று. சொல்லும்போது தலை குனிந்திருந்தான். தேரடித் தெருவும் போனால் முன்வாசலும் போகும். அப்புறம் அந்த வீட்டில் அவள் சமையல்காரி. அவரை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம், சோறு போடலாம், பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் முறுக்குத் தூக்கோடு வந்தாள். அவளுக்கு எழுபத்து மூன்று வயது. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் சமைத்து ஓய்வு பெற்றவள், நேராக நடப்பாள், நேராகப் பேசுவாள். ஹாலில் உட்கார்ந்து மகள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னட்டி, மூஞ்சி ஒருமாதிரி இருக்கு?"

வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். "வர்ற சனிக்கிழமையோட நான் இந்த வீட்டுல யாரும் இல்லம்மா" என்று சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

பேச்சியம்மாள் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மென்றாள். "வெளியூருப் பேப்பர்ல நாம கேட்டா ஒண்ணும் போட மாட்டாவளா?"

"கல்யாண வாழ்த்துக்கூட வாங்க மாட்டாவம்மா. தம்பி ஒவ்வொண்ணாப் பாத்துத்தான் விடுதான். சாவுச் செய்திதான் அவன்கிட்ட போகாது. அத யாரும் இல்லன்னு சொல்லக்கூடாது, கவுண்டர்லருந்து நேரா எனக்கு வரும், நான் பாத்து மெஷினுக்குப் போயிரும். அதான் எங்க பத்திரிகைல மொறை."

வாயிலிருந்து வார்த்தை விழுந்தபிறகுதான் அம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டதைக் கவனித்தாள். ஆனால் பேச்சியம்மாள் வேறெதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் வீடுவரை ஒரு நடை போய்வந்து, இன்று ராத்திரி இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பத்தேமுக்காலுக்கு வெளியூர்ப் பதிப்பின் நாலாம் பக்கப் புரூஃப் வடிவின் மேஜைக்கு வந்தது. கண்ணீர் அஞ்சலிகள் ஐந்து. நாலைத் திருத்திவிட்டு ஐந்தாவதுக்கு வந்தாள். பேச்சியம்மாள், ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு எடுத்த படத்தில், கொஞ்சம் மிரட்டுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று காலை இயற்கை எய்தினார், வயது எழுபத்து நாலு, நல்லடக்கம் மாலை நாலு மணி. கீழே வழக்கம்போல உறவுகள்: மகள் செண்பகவடிவு. மருமகன் வயிரவநாதன், அதிபர், அந்தித்தூதன். பேரன் குமரகுருபரன்.

வடிவு தாளோடு கீழே ஓடினாள். கவுண்டருக்கு எதிரே இருந்த பெஞ்சில் பேச்சியம்மாள் காலை ஆட்டிக்கொண்டு டீயில் பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"பாத்துட்டியா? எளுத்து சரியா இருக்கா?"

"ஒன்னியத் தின்னுட்டு எனக்கு எதுக்கும்மா புருசன்?"

"கத்தாத. அங்கிட்டுல்லா சாவுதேன். இங்கிட்டுப் பேப்பருக்கு வேண்டாம்னு எளுதிக் குடுத்துட்டேன், வெளியூருக்கு மட்டும்னு. கெழக்க இருந்துக்கிடுதேன்." பேச்சியம்மாள் பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "அங்க ஒனக்கு மாப்ள பாத்துப் பாத்து எனக்குக் காலு தேஞ்சிபோச்சி. நாலு பேரு வந்து, ஒம்மவளுக்கு இன்னும் அமையலயான்னு கேக்கான். இங்க வந்தா மூக்கும் முளியுமா மருமவன் இருக்காரு. எந்தப் பக்கத்த நான் நம்புவேன், சொல்லு?"

"வீடு? மாடு?"

"மாட்ட அடுத்த வீட்டு மாரித்தாய்ட்ட விட்டுட்டேன். சாவியையும் குடுத்தாச்சு. இனி அந்த மண்ண மிதிக்க முடியாதேன்னுதான் நேத்தே நல்லாப் பாத்துட்டு வந்தேன்" என்றாள். முந்தின நாள் மேற்கே இருந்தபோது எதற்காகப் பார்க்கிறோம் என்று தெரியாமலேதான் பார்த்திருப்பாள். அதைச் சொல்லும்போது குரல் ஒரு இடத்தில் பிசிறியது. உடனே டீயைக் குடித்துச் சரிசெய்துகொண்டாள்.

வடிவு அங்கேயே நின்றாள். தாளில் அவள் பெயரின் முதலெழுத்து விழாமல் மெஷின் ஓடாது. மேலேயிருந்து ஒருமுறை மணி அடித்தார்கள். அவளுக்குப் புருஷன் வேண்டும். கேட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அடுப்படி, மார்க்கெட் என்று எல்லா இடத்திலும் வேண்டும். அம்மாவும் வேண்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் யாரும் அச்சடித்துத் தர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வயசு தப்பா இருக்கும்மா. எழுபத்து மூணுல்லா ஒனக்கு?"

"நாலுன்னே போடு. சாவுக்கு ஒண்ணு கூடுதலா இருந்தா கௌரவம்."

மணி இரண்டாம் முறை அடித்தது. வடிவு கவுண்டர் பலகையில் தாளை வைத்து, எழுபத்து நாலை அப்படியே விட்டு, ஓரத்தில் முதலெழுத்தைப் போட்டாள். கண்ணீர் விழுந்து மை கொஞ்சம் ஊறியது. அச்சில் அது தெரியாது.

பன்னிரண்டரைக்குப் பத்திரிகை வெளிவந்தது. மேற்கே பேச்சியம்மாள் செத்துப்போனாள். கிழக்கே அவளைச் சுடலை காரில் ஏற்றி வீட்டின் முன்ஹாலில் கொண்டுவந்து விட்டான். "அடுப்படிப் பக்கம் மட்டும் போயிராதிய" என்று எச்சரித்தான். முப்பது வருடம் அடுப்படியிலேயே நின்றவளுக்கு அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

மூன்றரைக்கு அதிபரும் வடிவும் சாவுக்குப் புறப்பட்டார்கள். அவர் அவள் கையைப் பிடித்திருந்தார். தண்டவாளம் நெருங்கியது. கை போய்விடும், இப்போது போய்விடும் என்று பிடித்த பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் குலுங்கி இறங்கியது. கை அங்கேயே இருந்தது.

"அத்தைக்குப் பெரிய மாலையா வாங்கணும் வடிவு" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கொடுத்து வைக்கல. ஒரு நாளாவது அவங்க வீட்ல ஒக்காந்து சாப்ட்டிருக்கலாம்."

வடிவு அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில் பாதி, மற்றதில் பாதி. எது எவ்வளவு என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

வாசலில் பந்தல் போட்டிருந்தது. மஞ்சள் கயிற்றைப் பற்றி விசாரித்த அதே மேற்குத் தெருக்காரி வடிவைக் கட்டிக்கொண்டு, "இம்புட்டுப் பெரிய எடத்துல வாழ்க்கப்பட்டும் அம்மைக்கு ஒரு வாய்த் தண்ணி ஊத்தக் குடுத்துவைக்கலியே" என்று ஒப்பாரி வைத்தாள். குமரகுருபரன் முன்னதாகவே வந்திருந்தான். பேரன் என்று அச்சில் வந்துவிட்டதால் நெய்ப்பந்தம் பிடிக்கிறவன் அவன்தான். ஈர வேட்டியும் வெற்று மார்புமாகப் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, பாட்டி" என்று தேம்பிக்கொண்டிருந்தான். மனதாரத்தான் அழுதான். பாடையில் யாரும் இல்லை. ஆனாலும் தூக்கியவர்கள் வழியில் இரண்டு தடவை தோள் மாற்றவேண்டியிருந்தது.

ஊருக்கு முன்னால் அழுது முடித்து, குளித்து, ஈரத்தலையோடு இருட்டுவதற்குள் கேட்டைத் தாண்டிக் கிழக்கே வந்தார்கள். பேச்சியம்மாள் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் எப்படிட்டி?"

"நல்ல கூட்டம்மா."

"மாரித்தாயி அளுதாளா?"

"ரொம்ப அழுதாவ."

"அவ நடிப்பா. மாட்டுக்குத் தண்ணி வச்சாளான்னு கேட்டியா?"

அன்றிரவு அதிபர் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் வந்தார். "வடிவு, இன்னும் தூங்கலியா?" என்றார். அவள் சொம்பைக் கொடுத்தாள். கொடுத்த அவசரத்தில் பாதித் தண்ணீர் கீழே கொட்டிவிட்டது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவள் மாடியேறியபோது ஜம்புலிங்கம் நடையில் நின்றுகொண்டிருந்தார். தலை கலைந்து, முகம் வெளிறி, இருபது வயது கூடியவராக இருந்தார். கையில் வெளியூர்ப் பதிப்பு.

"முதலாளியம்மா, என்ன மானக்கேடு பாத்தியளா? முதலாளியோட மாமியா எறந்திருக்காவ, வெளியூர்க்காரன் போட்டிருக்கான், நம்ம பதிப்புல ஒரு வரி இல்ல. டீக்கடைல எதிர்ல நின்னு சிரிக்கானுவ. முப்பத்தி ரெண்டு வருச சர்வீசுல எனக்கு இப்படி ஒரு செய்தி தவறினது கெடையாது."

"அண்ணாச்சி, அத நம்ம பதிப்புல போட வேண்டாம். அம்மா வீட்டுல இருக்காவ. இட்லி சாப்ட்டுட்டு இருக்காவ."

"அதுக்காக? நடந்த செய்திய எப்படி விட முடியும்?" ஜம்புலிங்கம் அவளைப் பரிவோடு பார்த்தார். "கவலப்படாதிய. ஒரு நாள் தாமசம்னு யாரும் சொல்லாதபடிக்குப் பெரிசாப் போடுதேன். முதப் பக்கம், மூணு பத்திப் படம், ஊர்வலம், தலைவருங்க இரங்கல், எல்லாம். பன்னெண்டர வரைக்கும் நிம்மதியா இருக்கச் சொல்லுங்க."

வடிவு அதிபரின் அறைக்குப் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். மாமியாரோடு சேர்ந்து காலையில் இட்லி சாப்பிட்டவர் அவர். எழுந்து வாசல் வரை நடந்து, கண்ணாடிச் சட்டத்தின் முன் நின்று தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் திரும்பிவந்து உட்கார்ந்தார். "நான் எப்படி வடிவு அவர்ட்ட சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டார். அவள் இதுவரை அவரிடம் ஒரு கோபமும் பட்டதில்லை. அன்று பட்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு முதல் பக்கப் புரூஃப் மேஜைக்கு வந்தது. தேடிப் பார்த்தாள். ஒரு பிழை இல்லை. ஜம்புலிங்கம் உயிரைக் கொடுத்து எழுதியிருந்தார். பேச்சியம்மாள் எத்தனை ஆயிரம் குழந்தைகளுக்குச் சோறு போட்டாள் என்று கணக்கிட்டு ஒரு பெட்டிச் செய்திகூட இருந்தது. அதை வடிவு இரண்டு தடவை படித்தாள்.

"முதலாளியம்மா, கையெழுத்து" என்றார் ஜம்புலிங்கம், மேஜைக்கு எதிரே நின்று.

"பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி."

"நேரமாவுது."

"தப்பு இருந்துறக் கூடாதுல்லா? பெரிய செய்தி."

அது நியாயமாக இருந்ததால் அவர் காத்து நின்றார். பன்னிரண்டரை ஆயிற்று. ஒன்று ஆயிற்று. வடிவு முதல் வரியைப் படித்தாள், மறுபடி முதல் வரியைப் படித்தாள். நகரப் பதிப்பின் மெஷின் ஓடவில்லை. அவள் முன்னதாகவே முதலெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த வெளியூர்ப் பதிப்பு கட்டுக் கட்டாக வெளியே போயிற்று. மேற்கே செவ்வாய்க்கிழமை பிறந்தது. கிழக்கே நகரப் பதிப்பு வரவில்லை, ஆகவே திங்கட்கிழமையே தொடர்ந்தது.

ஐந்து மணிக்கு அவள் தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து திறந்து மறுபடி படிக்க உட்கார்ந்தாள். ஜம்புலிங்கம் எதிரே வந்து நின்றார்.

கேட்டுக்குக் கிழக்கே திங்கட்கிழமைகள் நன்றாகவே போயின. பள்ளிக்கூடங்களில் தினமும் திங்கட்கிழமைக் கொடியேற்றம் நடந்தது. செவ்வாய்தோறும் கடையடைக்கும் சலூன்காரர்கள் ஓய்வே இல்லாமல் முடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்கே போய்வருகிறவர்கள் கேட்டருகே நின்று வேண்டிய கிழமைக்கு மாறிக்கொண்டார்கள். குமரகுருபரன் இப்போது இரண்டு பக்கமும் சித்தி என்றுதான் கூப்பிட்டான். இருந்தாலும் பழக்கத்தை விட முடியாமல், மேற்கே சனிக்கிழமை ஆனதும் தேரடித் தெருவுக்கு வெளியூர்ப் பதிப்பின் கட்டை அனுப்பினான். இங்கே திங்கட்கிழமைதானே, சனிக்கிழமை கொண்டுவாருங்கள் என்று ஏஜெண்ட் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் ஹாலில் திங்கட்கிழமையாகவும் அடுப்படியில் வாரக் கடைசியாகவும் இருந்தது. வடிவு சனிக்கிழமை காய்ச்சிய பாலைத் திங்கட்கிழமைக்கு எடுத்துவந்து அம்மாவுக்கும் கணவருக்கும் கொடுத்தாள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அதிபர் மேற்கே போனார். மருமகன் இல்லாமல் நடக்காது. வடிவு புரூஃப் பார்க்கவேண்டியிருந்ததால் போகவில்லை. அன்றைய தேதிக்கு அவள் ஏழாவது வரியில் இருந்தாள். அவர் சடங்கையெல்லாம் முடித்துக்கொண்டு திங்கட்கிழமை மத்தியானம் திரும்பி வந்தார். வாழையிலையில் மடித்த ஒரு பொட்டலத்தை மாமியாரிடம் கொடுத்தார்.

"என்னது மருமவனே?"

"ஒங்க பதினாறுக்குச் சுட்ட வடை, அத்தை."

பேச்சியம்மாள் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"பருப்பு அரையவே இல்ல" என்றாள். "நாப்பதுக்காவது நல்லா அரைக்கச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றார் அதிபர். பேச்சியம்மாள் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டு, மகளுக்கு இரண்டை மிச்சம் வைத்தாள்.